பிளம் ஹாலோவின் இருபத்திரண்டு ஓட்டு

பிளம் ஹாலோ சாலையில் பன்னிரண்டு வீடு, ஓட்டுப் போடுகிற வயதில் இருபத்திரண்டு பேர். அதில் பதினொரு பேர் கழுதை, பதினொரு பேர் யானை. ஜனநாயகக் கட்சி, குடியரசுக் கட்சி என்று மரியாதையாகவும் சொல்லலாம். நாங்கள் சின்னத்தைத்தான் சொல்வோம், அதுதான் பொருத்தமாகவும் இருக்கிறது. யார் எந்தப் பக்கம் என்பதில் ரகசியமே கிடையாது. செப்டம்பர் பிறந்தால் அவரவர் புல்தரையில் அட்டை நட்டுவிடுவார்கள். நான் பிறந்து அறுபத்தாறு வருஷத்தில் இந்தச் சாலையில் ஒருவர் கட்சி மாறி ஓட்டுப் போட்டார் என்று கேள்விப்பட்டதில்லை. ஆடுகள் என்றுதான் இவர்களை நினைத்துக்கொள்வேன். ஆட்டுக்குக்கூட வேலி திறந்திருந்தால் வெளியே போகத் தெரியும்.

என் பெயர் ஆர்டிஸ் டோலெஃப்சன். பள்ளிக்கூடச் சமையலறையில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தவள். கணவன் வெர்லினுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் டயாலிசிஸ். ஆஸ்பத்திரி ஆற்றுக்கு அந்தப் பக்கம், க்ரோவர் ஊரில். பாலம் இருந்தபோது பன்னிரண்டு நிமிஷத்தில் போய்விடுவோம். அடியில் இரும்பு அரித்துப்போனது என்று இரண்டு வருஷத்துக்கு முன்னால் சிமெண்ட் கட்டைகளைக் குறுக்கே போட்டு அடைத்தார்கள். அன்றிலிருந்து வடக்கே போய், அணை மேல் ஏறி, மறுபடி தெற்கே இறங்கி, ஒரு மணி ஐந்து நிமிஷம். பனி கொட்டினால் அதுவும் இல்லை. போன ஜனவரியில் தொடர்ந்து இரண்டு தவணை போக முடியாமல் வெர்லினுக்கு நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டது. அவன் உதடு நீலமாகிப் போனதை நான் பார்த்தேன். இன்னொரு தடவை அப்படி ஆனால் உத்தரவாதம் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

பாலத்தைக் கட்ட வாஷிங்டனிலிருந்து பணம் வர வேண்டும். பணம் வர, காங்கிரஸ் உறுப்பினர் ஒருவர் தன் பெயரைப் போட்டுக் கேட்க வேண்டும். அவ்வளவுதான் விஷயம், ஒரு கையெழுத்து. ஆனால் எங்கள் மாநிலத்தில் எட்டுத் தொகுதிகளையும் கலைத்துப் புதிதாக வரைந்தபோது கோட்டை எங்கள் ஆற்றின் நடுவில் இழுத்துவிட்டார்கள். பாலத்தில் பாதி கிழக்கு உறுப்பினருக்கு, பாதி மேற்கு உறுப்பினருக்கு. இரண்டு பேருக்கும் சொந்தமான ஒன்றை இரண்டு பேரும் தொடமாட்டார்கள் என்பது கோடு போட்ட புண்ணியவான்களுக்குத் தெரியாமலா இருந்திருக்கும். கிழக்கு உறுப்பினரின் அலுவலகத்துக்கு எழுதினேன். உங்கள் முகவரி க்ரோவர், அது மேற்கு, அங்கே எழுதுங்கள் என்றார்கள். மேற்கே எழுதினேன். உங்கள் வீடு ஆற்றுக்குக் கிழக்கே, அங்கே எழுதுங்கள் என்றார்கள். இரண்டு கடிதத்திலும் என் அக்கறைக்கு நன்றி சொல்லியிருந்தார்கள்.

எங்களுக்குத் தபால் க்ரோவரிலிருந்து வருகிறது, அதனால் முகவரியில் க்ரோவர் என்றிருக்கும். குடியிருப்பதோ இந்தக் கரையில். இது இந்தச் சாலை நாய்களுக்குக்கூடத் தெரியும்.

நவம்பர் தேர்தல் வந்தது. கிழக்கே பழைய உறுப்பினர் ஒதுங்கிக்கொண்டதால் புதுமுகங்கள் இரண்டு. கழுதைக்கு ஃபிலிப் கார்விக், சட்டக் கல்லூரியில் பாடம் நடத்துகிறவர். யானைக்குக் கர்ட் ப்ரென்னர், ஏரிக்கரை மனைகளை வாங்கி விற்கிறவர். நான் கார்விக்குக்கு ஓட்டுப் போட்டேன். மறுநாளே அவருக்குப் பாலத்தைப் பற்றி எழுதினேன். உங்களுக்கு ஓட்டுப் போட்டவள் கேட்கிறேன் என்று அழுத்தியே எழுதினேன். நீங்கள் எங்கள் தொகுதி இல்லை என்று பதில் வந்தது.

கோபத்தில் மேசை இழுப்பறையைத் துழாவி, தேர்தலுக்கு முன் வீட்டுக்கு வந்த மாதிரி ஓட்டுச்சீட்டை எடுத்துப் பார்த்தேன். கார்விக் பெயரே அதில் இல்லை. மேற்குத் தொகுதிக்காரர்கள் இரண்டு பேர் பெயர் இருந்தது. கவுண்டித் தேர்தல் அலுவலகத்தில் யாரோ வரைபடத்தைப் பார்க்காமல் தபால் முகவரியைப் பார்த்து எங்கள் சாலையையே தூக்கி அக்கரையில் போட்டிருக்கிறார். இருபத்திரண்டு பேரும் சாவடிக்குப் போய், கட்சியின் பெயரைப் பார்த்து வட்டத்தைக் கருப்பாக்கிவிட்டு வந்திருக்கிறோம். அதன் மேலே யார் பெயர் இருந்தது என்று ஒருவரும் படிக்கவில்லை. நானும்தான்.

"உனக்கு ஓட்டுப் போட்டேன்னு எழுதினியே, அந்த ஆள் சிரிச்சிருப்பான்" என்றான் வெர்லின்.

"நீ யாருக்குப் போட்டே?"

"நீ போட்டவனுக்குத்தான். யாரு அவன்?"

நடந்ததை எழுதி, சீட்டையும் பிரதி எடுத்து, கிழக்குத் தொகுதியின் இரண்டு வேட்பாளர்களுக்கும் ஒரு பத்திரிகைக்கும் அனுப்பினேன். சும்மா ஆத்திரத்துக்குத்தான். நான்காம் நாள் மறு எண்ணிக்கை முடிந்தது. எட்டில் ஏழு தொகுதி எப்போதோ முடிந்திருந்தது, எங்கள் தொகுதி மட்டும்தான் இழுத்துக்கொண்டிருந்தது. கார்விக் ஐந்தே ஐந்து ஓட்டில் முன்னால் இருந்தார். எங்கள் இருபத்திரண்டு அதில் சேரவில்லை.

அன்று சாயங்காலத்துக்குள் எங்கள் சாலையில் நிறுத்த இடமில்லாமல் கார்கள். இரண்டு வருஷமாக எங்களைப் பந்தாடியவர்களுக்குத் திடீரென்று நாங்கள் சொந்தப் பிள்ளைகளாகிவிட்டோம். வழக்கறிஞர்கள் பளபளக்கும் காலணியோடு சாணிச் சேற்றில் இறங்கினார்கள். எங்கள் மாநிலத்தின் தலைவிதி பிளம் ஹாலோ கையில் என்று தொலைக்காட்சியில் ஒரு பெண் எங்கள் சாலையிலிருக்கும் ஷ்ராம் வீட்டுக் கோழிக்கூண்டுக்கு முன்னால் நின்று சொன்னாள். நீதிபதி கடைசியில் ஒரு முடிவு சொன்னார். மேற்கே போட்டது செல்லாது, டிசம்பர் ஒன்பதாம் தேதி இருபத்திரண்டு பேரும் சரியான தொகுதியில் மறுபடி ஓட்டுப் போட வேண்டும்.

முதலில் கார்விக் வந்தார். மான் வேட்டைக்காலம் என்பதால் வேட்டைக்காரர்கள் போடும் ஆரஞ்சுச் சட்டை மாட்டிக்கொண்டு வந்தார். கடைக்காரன் போட்ட விலைச்சீட்டு அக்குளில் தொங்கிக்கொண்டிருந்தது. என் சமையலறையில் உட்கார்ந்து, என் காப்பியைக் குடித்துக்கொண்டு, என் அப்பாவின் தொழிற்சங்க அட்டை சுவரில் இருப்பதைப் பார்த்துக் கண்கலங்கினார். நான் ஒரு தாளை அவர் முன் வைத்தேன். பதவி ஏற்றதும் என் முதல் கோரிக்கை பிளம் ஹாலோ பாலம் என்று ஒரே வரி.

"அம்மா, நான் கொள்கை அளவுல பாலங்களை ஆதரிக்கிறவன்" என்றார்.

"கொள்கை அளவுலதான் நாங்களும் ரெண்டு வருஷமா அதுல போயிட்டிருக்கோம்" என்றான் வெர்லின்.

"இல்லீங்க, தனிப்பட்ட ஒரு திட்டத்துக்குன்னு எழுதிக் குடுத்தா மத்த ஊர்க்காரங்க என்ன நினைப்பாங்க? முறைன்னு ஒண்ணு இருக்கு பாருங்க. ஆனா உங்க குரல் எனக்குக் கேட்டுடுச்சு."

"குரல் கேட்டுச்சு, சரி. பேனா எழுதுமா?"

கையெழுத்துப் போடவில்லை. போகும்போது தன் பெயர் போட்ட தொப்பி ஒன்றை வெர்லினுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். டயாலிசிஸ் நாற்காலியில் குளிருமாம், போட்டுக்கொள்ளலாமாம்.

ப்ரென்னர் இரண்டு நாள் கழித்து வந்தார். பல் எல்லாம் ஒரே அளவில் இருந்தது. உட்காரக்கூட இல்லை. "இதுக்கா இவ்வளவு? பேனா குடுங்க" என்று, தாளைப் படிக்காமலேயே கையெழுத்துப் போட்டார். முத்திரை போடுகிற ஆளைக் கூடவே கூட்டி வந்திருந்தார், அவன் அங்கேயே முத்திரையும் அடித்தான். பிறகு சன்னல் வழியாக ஆற்றைப் பார்த்து, "பாலம் வந்தா இங்க மனை விலையெல்லாம் எங்கேயோ போயிடும், தெரியுமா?" என்றார். அவருக்கு வெர்லினின் பெயர் கடைசி வரை வெர்னன்தான்.

அந்த மனிதரைப் பார்க்கவே எனக்கு அருவருப்பாக இருந்தது. ஆனால் கையெழுத்து உண்மையானது. பத்திரிகையில் தாளின் படத்தைப் போட்டுவிட்டார்கள், இனி அவரால் பின்வாங்க முடியாது. அன்றே நான் கணக்குப் போட்டேன். கார்விக் ஐந்து முன்னால். சாலையில் பதினொன்றுக்குப் பதினொன்று விழுந்தால் அவரே ஜெயிப்பார், பாலம் கொள்கை அளவிலேயே நிற்கும். ப்ரென்னர் ஜெயிக்கப் பதினான்குக்கு எட்டு விழ வேண்டும். பதினொரு யானைகளும் தாமாகவே போடுவார்கள். கழுதைகளில் மூன்று பேர் மாறினால் போதும்.

நானும் வெர்லினும் இரண்டு. மூன்றாவது ஒருவரைத் தேடிப் பதினைந்து நாள் வீடு வீடாக ஏறி இறங்கினேன். என் கட்சிக்காரர்கள் பேசிய பேச்சைக் கேட்டால் வயிறு எரியும். பாலம் வேண்டும், ஆனால் அதை யானை கட்டக் கூடாது. "எங்கப்பன் கல்லறையிலிருந்து எழுந்து வருவான்" என்றாள் ஒருத்தி. "வரட்டும், பாலம் இல்லாம அவனும் சுத்தித்தான் வரணும்" என்று சொல்லிவிட்டு இறங்கினேன். ஆடுகள், ஆடுகள் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே நடந்தேன்.

கடைசியில் டெல்மார் வோய்சிக்கிடம் போனேன். டெல்மார், வெர்லின், நான் மூவரும் ஒரே பள்ளிக்கூட பஸ்ஸில் போனவர்கள். காகித ஆலையில் முப்பத்தெட்டு வருஷம் வேலை, அதில் பத்து வருஷம் தொழிற்சங்கச் செயலாளர். மனைவி போனபிறகு தனியாக இருக்கிறான். பனி விழுந்த காலையில் தன் வாசலைத் தள்ளுவதற்கு முன்னால் எங்கள் வாசலை டிராக்டரால் தள்ளிவிட்டுப் போகிறவன். நான் போனபோது கொட்டகையில் மான் தோலை உரித்துக்கொண்டிருந்தான்.

"கேக்காத ஆர்டிஸ்" என்றான், நான் வாயைத் திறப்பதற்கு முன்பே.

"கேக்கத்தான் வந்தேன்."

"அந்த ஆளுக்கா? நாங்க ஆலை வாசல்ல ஸ்டிரைக்ல உட்கார்ந்திருந்தப்ப சோம்பேறிப் பசங்கன்னு பேப்பர்ல எழுதினவனுக்கா? என் கை அழுகிடும்."

"வெர்லினோட ரத்தம் அழுகிட்டிருக்கு டெல்மார். கையில்லாம வாழலாம்."

அவன் கத்தியைத் துடைத்தான். "நீ போடுறியா?"

"பின்ன? ஊரெல்லாம் சுத்திச் சொல்லிட்டு நான் போடாமயா?"

"உங்கப்பன் கையால சங்க அட்டை வாங்கினவன் நான். நீயே போடுறேன்னா சரி." தோலை வாளியில் போட்டான். "போடுறேன். வெர்லினுக்காக. ஆனா மதுக்கடையில ஒருத்தனும் இதைப்பத்தி என்கிட்ட வாயைத் திறக்கக் கூடாது."

வீட்டுக்கு வரும் வழியில் அழுதேன். சந்தோஷத்தில்தான்.

டிசம்பர் ஒன்பதாம் தேதி டவுன் கூடத்தில் ஓட்டு. இருபத்திரண்டு பேருக்கு ஐந்து காமிரா. வெர்லின் சக்கர நாற்காலியில் வந்து போட்டான். டெல்மார் ஞாயிற்றுக்கிழமைக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தான். சாவடியிலிருந்து வெளியே வந்தபோது அவன் முகம் சவத்தை இறக்கி வைத்தவன் முகமாக இருந்தது. யாரையும் பார்க்காமல் நேராக வண்டிக்குப் போனான்.

பிறகு நான் போனேன். மூன்று பக்கமும் அட்டை மறைப்பு, சங்கிலியில் கட்டிய கருப்புப் பேனா. சீட்டில் இரண்டே பெயர், இரண்டே வட்டம். ப்ரென்னர் பெயருக்கு நேராகப் பேனாவைக் கொண்டுபோனேன்.

கை போகவில்லை.

இதற்கு நான் என்ன காரணம் சொன்னாலும் அது பொய்யாகத்தான் இருக்கும், ஆனாலும் அங்கே எனக்குள் ஓடியதைச் சொல்கிறேன். எனக்கு ஆறு வயதில் அப்பா என்னை இதே கூடத்துக்குத் தூக்கி வந்து, என் விரலைப் பிடித்துக் கழுதைச் சின்னத்தின் வரிசையைக் காட்டினார். அந்த விரல்தான் இது. பிறகு, வெர்னன், வெர்னன் என்று சொன்ன அந்தப் பல். பிறகு, எங்கள் கட்சிக்காரியான ஷ்ராமின் மருமகளும் நான் கேட்டபோது பார்க்கலாம் என்று சொல்லியிருந்தாள், அவள் போட்டிருப்பாள். பதினான்கு எப்படியும் வந்துவிடும், நான் ஒருத்தி போடாவிட்டால் என்ன. பாலம் அவர்கள் கையால் வரட்டும், என் கை சுத்தமாக இருக்கட்டும். ஆம், இதுதான் கடைசியாக ஓடியது. டெல்மாரின் கை அழுகினால் பரவாயில்லை என்று நினைத்திருக்கிறேன். கார்விக் பெயருக்கு எதிரே இருந்த வட்டத்தை ஓரம் தெரியாமல் கருப்பாக்கிச் சீட்டைப் பெட்டியில் போட்டேன்.

இருபத்திரண்டு சீட்டை எண்ண எவ்வளவு நேரமாகும். ப்ரென்னருக்குப் பதின்மூன்று, கார்விக்குக்கு ஒன்பது. மொத்தத் தொகுதியிலும் கார்விக் ஒரே ஒரு ஓட்டில் ஜெயித்தார்.

ஷ்ராமின் மருமகள் பார்த்ததோடு சரி.

ஜெயித்தவர் அன்றே எல்லாக் குரல்களும் கேட்கப்பட்டன என்று பேசினார். கார்கள் வந்த வேகத்தில் போயின. தோற்றவர் கையெழுத்துப் போட்ட தாள் என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது, முத்திரையோடு.

மாறுவதாகச் சொன்னவர்கள் மூன்று பேர், மாறியது இரண்டு பேர்தான் என்பது சாலைக்கே தெரியும். வெர்லின் நோயாளி, அவன் தன் உயிருக்கே எதிராகப் போடுவானா? நான் பதினைந்து நாள் தொண்டை வறளக் கத்தியவள். மிச்சம் யார்? வெள்ளிக்கிழமை மதுக்கடையில் மீன் வறுவல் சாப்பிடப் போனோம். யானைகள் ஒரு மேசை, கழுதைகள் ஒரு மேசை, டெல்மார் தனியாக ஒரு மேசை. யானைகளுக்கு அவன் வாக்குத் தவறியவன், கழுதைகளுக்கு மாறத் துணிந்தவன். "முப்பத்தெட்டு வருஷம் சங்கம், சங்கம்னு ஆடினவன், வார்த்தையைக் காப்பாத்துவானா?" என்று யானை மேசையிலிருந்து ஷ்ராம் எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார். "வெர்லின் முகத்தைப் பார்த்தும் மனசு வரலையே இவனுக்கு."

டெல்மார் மீனைத் தொடவில்லை. கோட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனான். நான் உருளைக்கிழங்கை வெட்டிக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் சொல்லவில்லை. ஆடுகள் என்று நான் திட்டியவர்கள் எல்லாம் செய்வதாகச் சொன்னதைச் செய்துவிட்டு, ஒளிக்காமல் அங்கே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

சனிக்கிழமை காலையில் அரை அடிப் பனி. விடிந்ததும் டிராக்டர் சத்தம் கேட்டது. டெல்மார் எங்கள் வாசலைத் தள்ளிக்கொண்டிருந்தான். தள்ளி முடித்து, வழக்கமாகப் போய்விடுகிறவன், கதவைத் தட்டி உள்ளே வந்தான். வெர்லின் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பி, கோட்டுப் போட்டு, மேசையில் காப்பியோடு உட்கார்ந்திருந்தான். டெல்மார் உட்காரவில்லை.

"நான் போட்டேன், ஆர்டிஸ்" என்றான். "எவன் என்ன சொன்னாலும் கவலையில்ல. நீங்க ரெண்டு பேரும் அப்படி நினைச்சிடக் கூடாது. என் பொண்டாட்டி மேல சத்தியமா அந்த ஆளுக்குத்தான் போட்டேன்."

"எனக்குத் தெரியும் டெல்மார்" என்றேன்.

அவன் முகம் தெளிந்தது. நன்றி சொல்ல வந்தவன்போல என்னைப் பார்த்தான். பிறகு பார்வை அப்படியே நின்றது.

"ஊர்ல ஒருத்தனும் நம்பல" என்றான் மெதுவாக. "உனக்கு எப்படித் தெரியும்?"

நான் கார்ச் சாவியைத் தேடுவதுபோல மேசையைத் தடவினேன். சாவி என் கையில்தான் இருந்தது. வெர்லின் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, எங்கள் இருவர் முகத்தையும் பார்க்காமல், மேசையைப் பிடித்து எழுந்து நின்றான்.

"டெல்மார், இன்னிக்கு நீ என்னைக் கூட்டிட்டுப் போ" என்றான். "அவ வீட்டுல இருக்கட்டும்."